அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு



உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வழமையாகக் கேட்பது: "சேர், நல்ல கருவி இருந்தால் எதையும் பிழையில்லாமல் அளக்கலாம்தானே?" ஒரு காலம்வரை விஞ்ஞானிகளும் அப்படித்தான் நம்பினார்கள்.

1927இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹைசன்பேர்க் அந்த நம்பிக்கையை உடைத்தார். ஒரு துணிக்கை இருக்கும் இடத்தை எவ்வளவு துல்லியமாக அறிகிறோமோ, அந்தளவுக்கு அதன் உந்தம் நிச்சயமற்றுப் போகும் என்றார். ஆனால் அது அணு, இலத்திரன் உலகத்து விடயம், பெரிய பொருட்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றே பலரும் இருந்துவிட்டார்கள்.

மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் விளாடிமிர் பிரஜின்ஸ்கி அப்படி இருக்கவில்லை. ஈர்ப்பலைகளைப் பிடிக்க, பெரிய பொருளொன்றின் மிகமிகச் சிறிய அசைவை அளக்க வேண்டும். அங்கேயும் இந்த எல்லை வந்து மறிக்கும் என்று 1960களின் பிற்பகுதியில் அவர் கணித்துக் காட்டினார்.

காரணம் இதுதான். கண்ணாடி அசைந்ததா என்று பார்க்க லேசர் ஒளியை அதன்மீது செலுத்துகிறோம். ஒளி குறைந்தால், போட்டோன்கள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்வதால் அளவீடு தெளிவில்லை. ஒளியைக் கூட்டினால், அந்த ஒளியே கண்ணாடியைத் தள்ளி அசைத்துவிடுகிறது. இரண்டையும் சமப்படுத்தினாலும் மிஞ்சும் தடுமாற்றமே 'நியம குவாண்டம் எல்லை'. கருவி எவ்வளவு விலையானாலும் இது போகாது.

ஆனால் பிரஜின்ஸ்கி அதோடு நிற்கவில்லை. அளக்கும் முறையை மாற்றினால் இந்த எல்லையைச் சுற்றிப் போகலாம் என்று 1970களில் வழி தேடினார். 1981இல் அமெரிக்கரான கார்ல்டன் கேவ்ஸ், ஒளியின் தடுமாற்றத்தை ஒரு பக்கம் நெருக்கி மறுபக்கம் பிதுங்கவிடும் யோசனையை ஈர்ப்பலைக் கருவிகளுக்காக முன்வைத்தார். காற்றடைத்த பலூனை அமுக்குவது போன்ற வேலை அது.

2015 செப்டெம்பர் 14 அன்று, 4 கிலோமீற்றர் நீளக் கைகள் கொண்ட அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. அளந்த அசைவு, ஒரு புரோத்தனின் விட்டத்தைவிட மிகமிகச் சிறியது. செய்தி 2016 பெப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே பிரஜின்ஸ்கி காலமானார்.

2019 முதல் லைகோவில் நெருக்கிய ஒளி தொடர்ச்சியாகப் பயன்படுகிறது. 2024இல், சில மீடிறன்களில் அந்த எல்லைக்கும் கீழே தடுமாற்றத்தைக் குறைத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஹைசன்பேர்க்கின் விதி உடையவில்லை. ஒளியின் இரு தடுமாற்றங்களையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, ஒன்று மற்றதைக் குறைக்கும்படி செய்தார்கள், அவ்வளவுதான்.

எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருவர் சரியாகக் கணித்துச் சொன்னதால்தான், அதற்கு அப்பால் போகும் வழியையும் தேட முடிந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.