காஸி லெந்துப் டோர்ஜி: துரோகியா, ஜனநாயகவாதியா?

1975 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, தொலையச்சில் வந்து விழுந்த செய்தியொன்றை மொழிபெயர்க்கும்படி செய்தி ஆசிரியர் என்னிடம் தந்தார். சிக்கிமில் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் முடிவு அது. இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 59,637 வாக்குகள், எதிராக 1,496. மக்களின் ஏகோபித்த தீர்ப்பு என்று நான் தலைப்பிட்டேன். இடம் போதவில்லை என்பதால் கடைசிப் பந்தியை வெட்டினேன். வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்னதாக, ஏப்ரல் 9 ஆம் திகதி, இந்திய இராணுவம் மன்னரின் அரண்மனைக் காவலர்களை நிராயுதபாணிகளாக்கியது என்ற தகவல் அந்தப் பந்தியில்தான் இருந்தது.

அந்த இணைப்பின் உள்ளூர் நாயகர் காஸி லெந்துப் டோர்ஜி. 1904 இல் பாக்கியோங்கில் பிறந்தவர். லெப்சா இனத்தவர். 'காஸி' என்பது சிக்கிமின் நிலப்பிரபுக்களுக்குரிய பட்டம். இளமையில் றும்டெக் பௌத்த மடத்தில் துறவியாகப் பயின்று, அதன் தலைமை லாமாவாகவும் இருந்தவர். அத்தகைய ஒருவர் துறவைக் களைந்து, தாம் பிறந்த வர்க்கத்தின் ஆதிக்கத்துக்கே எதிராக 1945 இல் பிரஜா மண்டலத்தைத் தொடங்கினார். 1953 முதல் 1958 வரை சிக்கிம் மாநிலக் காங்கிரஸின் தலைவராக இருந்தார். பின்னர் சிக்கிம் தேசியக் காங்கிரஸை உருவாக்கினார்.

அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நேபாளி மொழி பேசுவோர். எனினும் தெரிவு செய்யப்படும் ஆசனங்களில் அவர்களுக்கும், சிறுபான்மையினரான பூட்டியா, லெப்சா மக்களுக்கும் சம எண்ணிக்கையே வழங்கப்பட்டது. அதற்கு மேலும் உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை மன்னரான சோக்யாலிடம் இருந்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற காஸியின் கோரிக்கையை எந்த ஜனநாயகவாதி மறுப்பார்?

ஆனால் அக்கோரிக்கையை வென்றெடுக்க அவர் தேர்ந்த துணை புதுடில்லி. 1973 இல் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு மே 8 ஆம் திகதி முத்தரப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. 1974 தேர்தலில் 32 ஆசனங்களில் 31 ஐ அவரது சிக்கிம் காங்கிரஸ் கைப்பற்றியது. அவர் முதலமைச்சரானார். இந்திரா காந்தி அம்மையாரின் அரசு அரசியல் யாப்பைத் திருத்தி, சிக்கிமை முதலில் துணை மாநிலமாக்கியது. 1975 மே 16 முதல் இந்தியாவின் 22 ஆவது மாநிலமாக்கியது. 1642 இல் தொடங்கிய நம்கியால் வம்சத்தின் ஆட்சி முடிவுற்றது. கடைசி மன்னர் பல்டன் தொண்டுப் நம்கியால் 1982 இல் நியூயோர்க்கில் காலமானார்.

காஸியின் வீழ்ச்சி வேகமாக வந்தது. டில்லியில் ஆட்சி மாறியபோது அவரது கட்சியும் ஜனதாவில் கலந்தது. அந்தப் புதிய பிரதமரான மொரார்ஜி தேசாயே 1978 இல் சிக்கிம் இணைப்புக் குறித்து வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 1979 இல் நேபாளியருக்கென இருந்த ஆசன ஒதுக்கீடு நீக்கப்பட்டமை அவர்களைக் கொதிப்படையச் செய்தது. எவருடைய உரிமைக்காகக் குரல் கொடுத்தாரோ, அவர்களே அவரைக் கைவிட்டனர். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தம் ஆசனத்தையே இழந்தார். இணைப்பை எதிர்த்து நின்ற நர் பகதூர் பண்டாரி முதலமைச்சரானார்.

எஞ்சிய ஆண்டுகளை காஸி பெரும்பாலும் கலிம்பொங்கில் கழித்தார். ஒரு காலத்தில் தம்மை வரவேற்ற டில்லி, காரியம் முடிந்தபின் தம்மை மறந்துவிட்டதாக அவர் நேர்காணல்களில் மனம் நொந்து கூறினார். 2002 இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2007 ஜூலையில், 102 ஆவது வயதில், காலமானார். நேபாளத்து அரசியல் மேடைகளிலோ, நாட்டை விற்பவன் என்று ஒருவரை ஏசுவதற்கு 'லெந்துப்' என்ற பெயரே போதுமானதாகிவிட்டது.

துரோகி என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மன்னராட்சியின் அநீதி கற்பனையல்ல. மக்கள் அவருக்கு அளித்த வாக்குகளும் பொய்யல்ல. அவரது தவறு வேறிடத்தில் இருக்கிறது. தம் மக்களின் நியாயமான கோரிக்கையை, தமக்கென வேறு தேவைகளைக் கொண்ட ஒரு பெரிய அரசின் கையில் முழுமையாக ஒப்படைத்தார். சீன எல்லையை நினைத்தே டில்லி காய் நகர்த்தியது. கங்டொக் குடிமகனின் வாக்குரிமை அதற்கு இரண்டாம் பட்சம். தேவை முடிந்ததும் காஸியின் தேவையும் முடிந்தது. வல்லரசுகளின் நிழலில் அரசியல் செய்யும் சிறிய இனங்களின் தலைவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

அந்த 59,637 வாக்குகளை இன்று மீண்டும் செய்தியாக்க நேர்ந்தால் எண்களை மாற்றமாட்டேன். அன்று வெட்டிய அந்தக் கடைசிப் பந்தியை மட்டும் முதற்பந்திக்குக் கொண்டுவருவேன்.