தனித்து வளராத தோல்

தோலை ஓர் எல்லையாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம் நாம். ‘நான்’ என்பது முடிந்து உலகம் தொடங்கும் இடமாக அதைக் கருதுகிறோம். அந்த எல்லை பெருமளவில் எரிந்துபோனால் உடலின் நீர் வெளியேறுகிறது. கிருமிகள் உள்ளே புகுகின்றன. எரியாத இடத்திலிருந்து தோலை மெல்லியதாகச் சீவியெடுத்துப் புண்ணின்மேல் ஒட்டும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மருத்துவத்தில் வழக்கத்திற்கு வந்துவிட்டது. ஆனால், சீவியெடுக்கவே தோல் எஞ்சாதவருக்கு என்ன செய்வது? பிறர் தோலை ஒட்டினால் சில வாரங்களில் உடல் அதை உதறிவிடும்.

இக்கேள்விக்கான விடை, அதைத் தேடாத ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களின் முற்பாதியில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் சுண்டெலியின் கட்டி ஒன்றிலிருந்து உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துக்கொண்டிருந்தனர். பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி அது. அவற்றிடையே மேல்தோல் உயிரணுக்களை ஒத்த சில கூட்டங்கள் தோன்றின. தனியே பிரித்தால் அவை வளரவில்லை. இணைப்புத் திசுவின் உயிரணுக்கள் அருகில் இருந்தால் மட்டுமே பெருகின.

கிரீனிடம் அத்தகைய உயிரணுக்கள் ஏற்கெனவே இருந்தன. ஜார்ஜ் டொடாரோவுடன் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் சுண்டெலிக் கருவிலிருந்து அவர் உருவாக்கிய வரிசை அது. கதிர்வீச்சினால் அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி, உயிரோடு மட்டும் வைத்து, அந்தப் படுக்கையின்மேல் மனித மேல்தோலின் உயிரணுக்களைத் தூவினர். அவை வளர்ந்தன. 1975இல் இம்முடிவு வெளியாயிற்று. தான் பெருகாமல் பிறிதொன்றைப் பெருக்கும் இவ்வுயிரணுக்களைச் செவிலித்தாய் எனலாம்.

1979இல் அதே குழுவினர், வளர்ந்த உயிரணுக்களை ஒரு நொதியின் உதவியால் கிண்ணத்திலிருந்து கிழியாத ஏடாக உரித்தெடுத்தனர். அஞ்சல்தலை அளவுத் தோல், மூன்று நான்கு வாரங்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு விரியக்கூடும் என்ற நிலை உருவாயிற்று. 1981இல் பாஸ்டன் நகரில் தீக்காயமுற்றோருக்கு இவ்வேடுகள் ஒட்டப்பட்ட செய்தி வெளிவந்தது. 1983இல் வந்தது கடுஞ்சோதனை: உடற்பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் எரிந்துபோன இரு சிறுவர்கள். அவர்களிடம் எஞ்சியிருந்த சிறுதுண்டுத் தோலிலிருந்து வளர்த்த ஏடுகளே உடலின் ஏறக்குறைய பாதியை மூடின. இருவரும் பிழைத்தனர்.

எனினும் இதை முழுவெற்றி என்று கூற இயலாது. கிண்ணத்தில் வளர்ந்தது மேல்தோல் மட்டுமே. வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் அதில் இல்லை. அடித்தோல் இல்லாத இடத்தில் அது எளிதில் கொப்புளித்தது. உறுதியாக வேர்பிடிக்க மாதங்கள் ஆயின. 1986இல் சார்லஸ் குவோனோ குழுவினர் ஒரு வழி கண்டனர். இறந்தவர் தோலை முதலில் ஒட்டி, அதன் மேற்படலத்தை நீக்கி, எஞ்சிய அடித்தோலின்மீது நோயாளியின் சொந்த ஏட்டைப் பரப்பினர். பிறர் தோலில் உடல் உதறித்தள்ளுவது பெரும்பாலும் மேற்படலத்தையே, அடித்தோல் தங்கிவிட்டது.

இம்முறை 2015இல் மேலும் ஓர் அடி சென்றது. ஜெர்மனியின் போஹும் நகரில், மரபணுக் குறையால் தோல் உரிந்துகொண்டேயிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறக்கும் தறுவாயில் இருந்தான். தந்தை கொடுத்த தோலும் நிலைக்கவில்லை. சிறுவனின் நான்கு சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்து, குறையைச் சீராக்கும் மரபணுவை ஏற்றி, இத்தாலியில் மிக்கேலே டி லூக்கா குழுவினர் ஏடுகளை வளர்த்தனர். உடலின் 80 விழுக்காடு புதுத்தோலால் மூடப்பட்டது. அப்போதும் அடியில் படுக்கையாக இருந்தவை அதே சுண்டெலி உயிரணுக்களே. அவ்வாண்டிலேயே கிரீன் மறைந்தார்.

இவ்வகை ஏடு ஒன்றுக்கு 2007இல் ஒப்புதல் அளித்த அமெரிக்க மருந்து நிர்வாகம், நோயாளியின் சொந்த உயிரணுவே ஆயினும், அதை அயலுயிர் ஒட்டு என்றே வகைப்படுத்தியது. சட்டத்தின் அந்தச் சொல் நம்மைச் சற்றே நிறுத்துகிறது. நம்முடையது என்று நாம் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய தோலை மீட்டெடுக்க ஒரு சுண்டெலியும், சில வேளைகளில் பெயரறியா இறந்தவர் ஒருவரும் துணைவர வேண்டியிருந்தது. எல்லை என்று நாம் எண்ணியது அவ்வளவு தனித்ததன்று.