சங்கிலியும் ஜிபிஎஸ்ஸும்

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் கையடக்க ஜிபிஎஸ்ஸை இயக்கினால் அட்சரேகை, தீர்க்கரேகை திரையில் வந்துவிடும். நாட்டில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கணக்கிட, 1802 ஏப்ரலில் லாம்டன் குழு பரங்கிமலை அருகே 100 அடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கியது. சுமார் 12 கிலோமீட்டருக்கு 57 நாட்கள், அதுவும் கோடை வெயிலில்! (அரை டன் தியோடலைட்டைச் சுமந்தது தனிக்கதை.)

ஜிபிஎஸ்ஸும் முதலில் அவ்வளவு துல்லியம் இல்லை. பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறும். கோயில் வாசலில் நிற்பவரைக் குளத்துக்குள் காட்டியிருக்கலாம்! 2000 மே 2-ல் அது நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜியோகேச்சிங் பிறந்தது இப்படித்தான். ஏதாவது எடுத்தால் ஏதாவது வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் நோட்டில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்த வாளியோடு வந்த விதிகள்.