காயம் ஆறிய பின்னும் ஆறாத மனம்: விளையாட்டுக் காயத்திலிருந்து மீள்வதன் உளவியல்

விளையாட்டின்போது ஏற்படும் காயம் என்றதும் எலும்பு, தசை, மூட்டு என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. கட்டுப் போட்டு, வீக்கம் வற்றி, காயப்பட்டவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டால் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். எனினும் உடல் ஆறும் காலமும் மனம் ஆறும் காலமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை உணராமையினால், உடல் தகுதி பெற்ற பின்னரும் மைதானத்தைத் துறந்துவிடும் இளைஞர்கள் பலர். தகுதி பெறுமுன்னரே அவசரப்பட்டு இறங்கி மீண்டும் காயப்படுவோரும் உளர்.

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய 69 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து மதிப்பிட்ட ஆய்வொன்று 2014ஆம் ஆண்டு பிரித்தானிய விளையாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. அதன்படி நூற்றுக்கு 81 பேர் ஏதோவொரு விளையாட்டுக்குத் திரும்பினர். முன்பிருந்த தரத்துக்குத் திரும்பியோர் 65 பேர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 பேர் மாத்திரமே. திரும்பாதவர்கள் கூறும் காரணங்களில், மீண்டும் காயப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம் முன்னிற்கிறது.

காயம் பறிப்பது எதனை?

விளையாட்டு வீரன் ஒருவனிடமிருந்து காயம் பறித்துக்கொள்வது அசைவை மட்டுமன்று. 'நான் யார்?' என்ற வினாவுக்கு அவன் வைத்திருந்த விடையையும் அது பறித்துவிடுகிறது. இதனை உளவியலாளர் விளையாட்டு சார்ந்த அடையாளம் என்பர். தன் மதிப்பு முழுவதையும் விளையாட்டிலேயே வைத்திருப்பவனுக்கு ஒரு சுளுக்குக்கூடப் பேரிழப்பாகத் தோன்றும்.

கொஸ்லந்த, பூனாகலை, ஹல்துமுல்லை பகுதித் தோட்டங்களில் இவ்வடையாளத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. லயத்தின் அருகே கிடைக்கும் சிறு சமதரையில் கரப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் பழகி, பாடசாலை அணியில் இடம்பெற்று, வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் பெறும் சான்றிதழ், தோட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்வுக்கான நம்பிக்கையாகக் கருதப்படுகிறது. உடலுழைப்பே மூலதனமாகிய குடும்பத்தில், பிள்ளையின் கால் முறிவு செலவாகவும் பார்க்கப்படும். "விளையாடப் போகாதே என்று அப்போதே சொன்னோமே" என்ற ஏச்சு மருந்துக்கு முன்னதாக வந்துவிடுகிறது. பெண் பிள்ளையாயின் அத்தோடு விளையாட்டே நிறுத்தப்படுவதும் உண்டு. வலியை மறைக்கும் பழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது.

முரளிதரனின் தோள்

மலையகத்தோடு வேர் உறவுள்ள ஒருவரின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளிதரன் 2004 மே மாதம் ஹராரேயில் கோட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைக் கடந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் தோள்பட்டைக் காயம் சத்திரசிகிச்சையில் முடிந்தது. 532 விக்கெட்டுகளுடன் அவர் ஓய்விலிருந்த வேளை, 2004 ஒக்டோபரில் சென்னையில் ஷேன் வோர்ன் அச்சாதனையைத் தன்வசப்படுத்தினார்.

பந்து வீசுபவருக்குத் தோள் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவருக்கு வயது 32. ஆயினும் 2005இல் டெஸ்ட் களத்துக்குத் திரும்பி, அவ்வாண்டே கண்டியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2007 டிசம்பர் 3ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில் 709ஆவது விக்கெட்டுடன் சாதனையை மீட்டார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் 800ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் வாழ்வை நிறைவு செய்தார். தான் ஓய்ந்திருக்கும் வேளையில் பிறர் முந்திச் செல்வதைப் பொறுத்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மனம் செல்லும் வழி

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969இல் மரணத்தை எதிர்நோக்குவோரைப் பற்றிக் கூறிய ஐந்து கட்டங்களை, ஒரு காலத்தில் காயப்பட்ட வீரர்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்த்தனர். இன்று அக்கருத்து தளர்ந்துவிட்டது. எல்லாரும் அவ்வரிசையில் செல்வதில்லை. காயத்தை ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதே அவரது உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. உணர்ச்சி அவரது நடத்தையைத் தீர்மானிக்கிறது. நடத்தை மீண்டும் குணமடைதலைப் பாதிக்கிறது என்பதே இன்றைய விளக்கம். 'என் ஆட்டம் முடிந்தது' என்று எண்ணுபவர் பயிற்சியைக் கைவிடுவார். பயிற்சி இன்றித் தசை மெலியும். மெலிந்த காலைப் பார்த்து நம்பிக்கை மேலும் குறையும்.

அச்சமும் இவ்வாறே இயங்குகிறது. காயப்பட்ட காலை மனம் காவல் காப்பதால் தசைகள் இறுகுகின்றன, கவனம் பந்திலிருந்து காலுக்குச் செல்கிறது. எந்தக் காயத்துக்கு அஞ்சினாரோ அதற்கே அது வழி திறந்துவிடுகிறது. கொஸ்லந்த மக்களுக்கு இது புதிய செய்தியன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. உடலில் கீறலின்றித் தப்பியவர்களும் பின்னர் மழை இருட்டும்போதெல்லாம் நடுங்கியதை இம்மண் அறியும். அப்பேரிழப்போடு விளையாட்டுக் காயத்தை ஒப்பிட முடியாது. ஆயினும் ஆபத்து நீங்கிய பின்னரும் மனம் அதனை எதிர்பார்த்தே இருக்கும் என்ற இயல்பு இரண்டுக்கும் பொதுவானது.

கைகொடுக்கும் முறைகள்

முதலாவது, தெளிவான அறிவு. என்ன காயம், எவ்வளவு காலம், எந்த வலி இயல்பானது, எது எச்சரிக்கை என்பவற்றை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டறிதல் வேண்டும். முன்சிலுவைத் தசைநார்ச் சத்திரசிகிச்சையின் பின் 9 மாதங்களுக்கு முன் போட்டிக்குத் திரும்புவோருக்கு மீண்டும் காயப்படும் அபாயம் அதிகம் என்பது அறியப்பட்டுள்ளது.

இரண்டாவது, சிறு இலக்குகள். 'மாகாணப் போட்டிக்குள் சுகமாக வேண்டும்' என்பது இலக்கன்று, ஏக்கம். 'இந்த வாரம் முழங்காலை இவ்வளவு மடக்க வேண்டும்' என்பதே இலக்கு. அதனை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ அடிக்கடி சென்றுவர இயலாத குடும்பங்கள், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, மனக்காட்சிப் பயிற்சி. கண்களை மூடி, ஓடுவதையும் பாய்ந்து இறங்குவதையும் பிழையின்றி மனத்தில் செய்து பார்த்தல். முழங்கால், கணுக்கால் காயங்களிலிருந்து விரைவாக மீண்டவர்கள் இலக்கு வகுத்தல், நம்பிக்கையூட்டும் தற்பேச்சு, மனக்காட்சி ஆகியவற்றைக் கூடுதலாகக் கையாண்டதை 1991இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது.

நான்காவது, படிப்படியான திரும்புகை. அஞ்சும் அசைவை முற்றாகத் தவிர்த்தால் அச்சம் வளரும். ஒரே நாளில் அதில் குதித்தால் காயம் வளரும். தனியே ஓட்டம், பின்னர் பந்துடன் பயிற்சி, பின்னர் மோதலற்ற ஆட்டம், இறுதியில் போட்டி என்பதே முறை.

இறைநம்பிக்கையும் இங்கு துணைநிற்கும். பொறுமையைக் குறிக்கும் ஸப்ர் என்ற சொல் வெறுமனே காத்திருப்பதை மட்டும் சுட்டவில்லை. நிலைகுலையாமல் செய்யவேண்டியதைத் தொடர்வதையும் சுட்டுகிறது. நோன்பு காலத்தில் பயிற்சி நேரத்தை இயன்மருத்துவரின் ஆலோசனையுடன் மாற்றியமைத்துக்கொள்ளலாம்.

சுற்றத்தாரின் கடமை

இந்திய வேகப்பந்து வீச்சாளர் முகம்மது ஷமி, 2015 உலகக் கிண்ணத்தின் பின் முழங்கால் காயத்தால் நீண்டகாலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. அக்காயத்தோடு குடும்பச் சிக்கல்களும் சேர்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு மும்முறை தோன்றியதாகவும், வீட்டார் விலகாது உடனிருந்ததே தம்மைக் காத்ததாகவும் 2020இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். உடல்வலிமை மனவலிக்குக் கவசமன்று. தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, நண்பரைத் தவிர்த்தல், வாழ்வே வீண் என்ற பேச்சு ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உளவளத்துணையாளரை நாடுவது அவசியம். உயிரைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

பாடசாலைகளும் ஒன்றைச் செய்யலாம். காயப்பட்ட மாணவனை அணியிலிருந்து நீக்கி மறந்துவிடாமல், புள்ளி பதிதல், நடுவருக்கு உதவுதல், இளையோருக்குப் பயிற்சியளித்தல் போன்ற பொறுப்பைக் கொடுக்கலாம். அவன் அணியின் ஒருவனாகவே இருப்பான். அவன் திரும்பும் நாளில் உடற்கல்வி ஆசிரியர் "கால் சரியா?" என்பதோடு "பயமாக இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது வினாவுக்கு உண்மையான விடை கிடைக்கும் பாடசாலையில்தான் அவன் பாதுகாப்பாக மைதானத்தில் இறங்க முடியும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிள்ளையின் சொல்லுக்குக் காது கொடுக்கும் மனமே வேண்டும்.