காட்டுத்தீ அபாயமும் நில உரிமையாளர்களும்: கலிஃபோர்னியா

காட்டை ஒட்டி வீடும் நிலமும் வைத்திருப்போர் தீ அபாயத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள், அதற்கு என்ன செய்கிறார்கள் என்பது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நெடுங்காலமாக ஆராயப்படுகிறது. அபாயம் இருப்பது அங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் செயலில் இறங்குவதில்லை.

2018 நவம்பர் 8 அன்று தொடங்கிய கேம்ப் தீ, கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் 85 பேரைப் பலிகொண்டது. 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடுகள் சாம்பலான பல இடங்களில் பக்கத்து மரங்கள் பச்சையாகவே நின்றன. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதை விளக்கியிருந்தார். நெருப்பு காட்டிலிருந்து மதில்போல வரும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலான வீடுகளைப் பற்றவைப்பதோ காற்றில் முந்தி வரும் தீப்பொறிகள். கூரையோர மழைநீர் வடிகாலில் காய்ந்து கிடக்கும் பைன் ஊசிகள், சுவரோரம் அடுக்கிய விறகு, வாசலில் போட்ட நார் மிதியடி போதும்.

வீட்டைச் சுற்றி 100 அடிவரை புதர், சருகுகளைக் குறைக்க மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்ற விதிக்கு 2020-இல் சட்டம் வழிவகுத்தது. எதிர்ப்பு அதிகம் எழுவது இங்கேதான். நிழலுக்கும் அழகுக்கும் வளர்த்த செடிகளை வெட்ட மனம் வருவதில்லை. செலவும் முதுமையும் தடையாகின்றன. பக்கத்து நிலம் புதர்மண்டிக் கிடக்க, தான் மட்டும் வெட்டி என்ன பயன் என்ற சலிப்பும் உண்டு. இது நியாயமான கேள்வியே. 2002-இல் தொடங்கிய ஃபயர்வைஸ் திட்டம் அதனால்தான் தனிவீட்டை விட்டுத் தெருவையே அலகாகக் கொள்கிறது.

பெரிய நிலங்களில் புதரையும் சருகையும் குறைக்கத் திட்டமிட்ட சிறு எரிப்பு பயன்தரும். கரூக், யூரோக் பழங்குடிகள் காலங்காலமாகச் செய்துவந்ததும், அரசு தடுத்துவைத்ததும் இதைத்தான். எரிப்பு கைமீறினால் தீயணைப்புச் செலவு தம் தலையில் விழுமோ என்று உரிமையாளர்கள் அஞ்சினர். பயிற்சி பெற்றவர்களுக்கும் பழங்குடி எரிப்பாளர்களுக்கும் அந்தப் பொறுப்பை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது.

இன்று காப்பீடும் நெருக்குகிறது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. வீட்டைப் பாதுகாப்பாக்கியவர்களுக்குப் பிரீமியத்தில் சலுகை தர வேண்டும் என்று 2022-இலேயே விதி வந்துவிட்டது. ஆனால் கூரையை மாற்றப் பணமில்லாத முதியவருக்குச் சலுகையால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நேரடி நிதியுதவி.