கடைமடைக்கும் கடைமடை: சிந்து ஆற்றுக் கழிமுகத்தின் கதை

ஆறுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றின் பிறப்பைப் பற்றி விரிவாகப் பேசுவர். பனிமலைச் சிகரம், ஊற்றுக்கண், முதல் அருவி எனப் பக்கங்கள் நிறையும். அந்த ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு வரும்போது ஒரே வரியில் முடித்துக்கொள்வர். சிந்து ஆற்றுக்கும் இதுவே நேர்ந்தது. திபெத்தில் தோன்றி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓடி, கராச்சிக்குத் தென்கிழக்கே அரபிக் கடலில் கலக்கும் அந்தப் பேராறு தன் வாயிலில் கட்டியெழுப்பிய நிலத்தின் கதை, நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதையாகும்.

கழிமுகம் என்பது ஆறு கொண்டுவந்த வண்டலால் ஆன நிலம். ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. கடல் அலையாலும் ஓதத்தாலும் அதை அரித்தெடுக்கிறது. படிவது மிகுந்தால் நிலம் வளரும். அரிப்பது மிகுந்தால் நிலம் தேயும். இமயம் முதல் பஞ்சாப் வரையிலான மண்ணைச் சுமந்துவந்த சிந்து, பல்லாயிரம் ஆண்டுகள் இந்தப் போட்டியில் வென்றே வந்தது. பதினேழு பெருங்கழிகள், அவற்றினின்று பிரியும் கணக்கற்ற சிறு கழிகள், ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்புகள், அவற்றின்மீது கண்டற் காடுகள் என விரிந்து கிடந்தது அந்நாடு.

பந்தர்கள் தோன்றியதும் மறைந்ததும்

கி.மு. 325இல் அலெக்ஸாந்தர் சிந்து வழியே கடலை நோக்கி இறங்கினார். மத்தியதரைக் கடலின் சிறு ஓதத்தையே கண்டு பழகிய அவருடைய மாலுமிகள், இங்கே நீர் வடிந்து மரக்கலங்கள் தரைதட்டியதையும், பின்னர் திடீரென நீர் பெருகி அவற்றைத் தூக்கி எறிந்ததையும் கண்டு கலங்கினர் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியனின் செய்தி.

அதற்குப் பின் ஆயிரம் ஆண்டு கழித்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முஹம்மது பின் காசிமின் படை வந்து சேர்ந்த தேபல் துறைமுகமும் இக்கழிமுகத்தைச் சேர்ந்ததே. கராச்சிக்குக் கிழக்கே காரோ கழியின் கரையிலுள்ள பன்பூர் மேட்டையே தேபல் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கு நடந்த அகழாய்வில், ஹிஜ்ரி 109 (கி.பி. 727) எனக் குறித்த கூஃபி எழுத்துக் கல்வெட்டோடு ஒரு பள்ளிவாசலின் அடித்தளம் வெளிப்பட்டது. உபகண்டத்தின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று அது. கலங்கள் வந்து நின்ற அந்தத் துறையை ஆறு கைவிட்டது, ஊரும் அழிந்தது.

1333இல் சிந்துவை வந்தடைந்த இப்னு பதூதா, ஆற்று வழியே படகில் லாஹரி பந்தருக்குச் சென்றார். யமன், பாரசீக நாட்டு வணிகர் கூடும் இடமென்றும், ஆண்டு வருவாய் 60 இலட்சம் என்றும் அதைப் பற்றி எழுதினார். அவ்வளவு செழித்த ஊரிலிருந்து சில மைல் தொலைவிலேயே கற்சிதைவுகளாய்க் கிடந்த வேறொரு பாழூரையும் அவர் கண்டார். வாழும் துறைமுகத்துக்கு அருகிலேயே இறந்த துறைமுகம் கிடப்பது இக்கழிமுகத்தின் இயல்பு. பின்னாளில் லாஹரி பந்தரும் மண்மூடியது. முகலாயர் காலத்தில் ஔரங்கபந்தர் எழுந்தது. அதுவும் தளர்ந்தபோது, கல்ஹோரா மன்னர் குலாம் ஷா 1759இல் ஷாபந்தரை நிறுவினார். ‘பந்தர்’ என்ற பாரசீகச் சொல்லுக்குத் துறைமுகம் என்பது பொருள். இத்தனை பந்தர்களையும் ஓர் ஆறு தன் வண்டலால் ஆக்கி, அதே வண்டலால் மூடியது.

கடலோடிகளின் இவ்வாழ்வு சிந்தி இலக்கியத்திலும் ஆழப் பதிந்தது. சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப் பிட்டாயீ (1689–1752) பாடிய ‘ஷா ஜோ ரிசாலோ’வில், கடல் வாணிபத்துக்குச் சென்ற கணவனை எண்ணித் துறையில் காத்திருக்கும் பெண்ணின் துயரைச் சொல்ல ஒரு தனிப் பகுதியே உண்டு. கடலைச் சொல்லாமல் இறைவனைச் சொல்ல முடியாத நாடாக அது இருந்தது எனலாம்.

அல்லாஹ் பந்த்

1819 ஜூன் 16ஆம் நாள் கச்சுப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கழிமுகத்தின் கிழக்கு ஓரத்தில் சிந்திரி என்ற கோட்டை நீரில் அமிழ்ந்தது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை மேலெழுந்து, சிந்துவின் பழைய கிழக்குக் கிளையை மறித்தது. மனிதர் கட்டிய அணைகளிலிருந்து வேறு பிரித்துக் காட்ட, மக்கள் அதற்கு ‘அல்லாஹ் பந்த்’ எனப் பெயரிட்டனர். அல்லாஹ் கட்டிய அணை என்பது பொருள். 1826இல் சிந்துவில் வந்த பெருவெள்ளம் அந்த மேட்டையும் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இயற்கை எழுப்பிய அணையை ஏழே ஆண்டில் ஆறு கடந்தது. மனிதர் எழுப்பவிருந்த அணைகளுக்கு முன் அதன் ஆற்றல் செல்லவில்லை.

ஆங்கிலேயர் 1843இல் சிந்துவைக் கைப்பற்றினர். அப்போது ஆற்று வாணிபத்தின் வாயிலாக வளர்ந்தது கேட்டி பந்தர். 1853 வாக்கில் வெள்ளம் பழைய ஊரை அடித்துச் சென்றபோது, மக்கள் சற்று உள்ளே தள்ளிப் புதிய ஊரைக் கட்டிக்கொண்டனர். 1861இல் கராச்சியிலிருந்து கோத்ரி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் சரக்கு ஆற்றை விட்டு இரயிலில் ஏறியது. துறைமுகங்களுக்கு அது முதல் அடி. எனினும் நிலத்துக்கு ஊறில்லை. நெல் விளைந்தது, கால்நடை பெருகியது, கடலிலிருந்து நன்னீரை நாடி ஆற்றில் ஏறும் பல்லா மீன், வங்காளத்தார் இல்சா என்பது, சிந்துவின் நடுப்பகுதி வரை சென்று முட்டையிட்டு வந்தது.

கதவணைகளின் காலம்

1932இல் சுக்கூரில் பெருங்கதவணை திறக்கப்பட்டது. 1955இல் கழிமுகத்தின் தலைமாட்டிலேயே கோத்ரி கதவணை எழுந்தது. 1962இல் குட்டு, 1967இல் மங்களா, 1976இல் தர்பேலா எனத் தொடர்ந்தன. இவற்றால் பாலை நிலம் பயிர் நிலமாயிற்று என்பதையும், கோடிக்கணக்கானோர் உணவுண்கின்றனர் என்பதையும் யாரும் மறுக்க இயலாது. ஆயினும் விலை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தவர்கள் அந்த நீரால் பயன் பெற்றவர்கள் அல்லர்.

கோத்ரிக்குக் கீழே நீர் குறைந்தது. வெள்ளக் காலம் போக மற்ற மாதங்களில் ஆற்றுப்படுகை வறண்டு கிடக்கலாயிற்று. வண்டல் நீர்த்தேக்கங்களின் அடியிலும் கால்வாய்களிலும் தங்கியது. பதினேழு கழிகளுள் இன்று ஆற்றுநீர் ஓரளவேனும் சேர்வது கோபர் கழியின் பக்கமே. படிவது நின்றது, அரிப்பதோ நிற்கவில்லை. கடல் கழிகளின் வழியே உள்ளே ஏறியது. நிலத்தடி நீர் உவர்ந்தது, வயல் உப்புப் பூத்தது. காரோச்சான், ஷாபந்தர், கேட்டி பந்தர் வட்டாரங்களில் ஊர்கள் காலியாயின. குடிநீரைப் படகில் கொண்டுவரும் நிலை வந்தது. உழவர் மீனவராயினர், மீனவரும் கராச்சியை நோக்கிப் பெயர்ந்தனர். பல்லா மீனுக்குக் கோத்ரியோடு வழி அடைபட்டது.

காவிரிப் படுகையினர்க்குக் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் கடைசி மடையில் உள்ளவன் தலைமடைக்காரனின் மனநிலையை நம்பி வாழ்பவன். கழிமுகமோ கடைமடைக்கும் கடைமடை. அதற்கு அப்பால் கடல் மட்டுமே உண்டு, முறையிட ஆளில்லை.

மீண்டும் ஒரு காடு

இந்நிலையில்தான் கண்டற் காடுகளை மீட்கும் பணி தொடங்கியது. முன்பு எட்டு வகைக் கண்டல் மரங்கள் இங்கு இருந்தன, நான்கே எஞ்சின. அவற்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிந்து மக்கள் ‘திமர்’ எனும் வெண்கண்டலே. மிகுந்த உப்பைத் தாங்கி, உண்ட உப்பை இலை வழியே வெளியேற்றும் ஆற்றல் உடையது அது, ஆகவே தப்பியது. சிந்து மாகாண வனத்துறை, உலக நாடுகளின் உதவியோடும் கரையோர மக்களின் உழைப்போடும், 1990கள் முதல் சேற்றுப் பரப்புகளில் கன்றுகளை ஊன்றி வருகிறது. அழிந்துபோயிருந்த சுரபுன்னை இனமும் நாற்றங்காலில் வளர்க்கப்பட்டு மீண்டும் நடப்பட்டது. 2009 ஜூலை 15ஆம் நாள் கேட்டி பந்தர் அருகே 300 பேர் ஒரே நாளில் 5,41,176 கன்றுகளை நட்டு உலகச் சாதனை படைத்தனர். 2013இல் காரோச்சானில் அச்சாதனையும் முறியடிக்கப்பட்டு, எண்ணிக்கை 8,47,275 ஆயிற்று. 2015இல் தொடங்கிய ‘டெல்டா புளூ கார்பன்’ திட்டம் 3,50,000 ஹெக்டேர் பரப்பை உள்ளடக்கியது.

சாதனை எண்களைவிட விளைவே பெரிது. 1990க்கும் 2020க்கும் இடையே இக்கழிமுகத்தின் கண்டற் பரப்பு இருமடங்குக்கும் மேல் பெருகியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. மூச்சுவேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இறால், நண்டுக் குஞ்சுகள் அவற்றினிடையே வளர்கின்றன. ஒட்டகம் மேயாமலும் விறகுக்கு வெட்டாமலும் ஊரார் காவல் காத்ததால் விளைந்த பயன் இது. உலகில் கண்டற் காடுகள் குறைந்துவந்த காலத்தில் இங்கே அவை வளர்ந்தன என்பது பாராட்டத்தக்கது.

ஆயினும் இதனோடு மனநிறைவு கொள்ள நம்மால் இயலவில்லை. மரம் சேற்றைப் பிடிக்கும், சேற்றைப் படைக்காது. திமர் உப்பைத் தாங்கும். உவர்ந்த கிணற்றை இனிப்பாக்காது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், புது வண்டல் வாராத கரையில் நின்ற மரத்தையும் அலை வேரோடு பறிக்கும். வண்டலும் நன்னீரும் தரவேண்டியது ஆறே.

அதற்கும் வழி காணப்படாமல் இல்லை. 1991இல் மாகாணங்களிடையே ஏற்பட்ட நீர்ப் பங்கீட்டு உடன்பாடு, கடலை நோக்கி நீர் விடவேண்டிய தேவையை ஏற்றது. ஆண்டுக்கு 1 கோடி ஏக்கர்-அடி வேண்டுமெனச் சிந்து மாகாணம் கூறியதைப் பதிவும் செய்தது. அளவை மட்டும் பின்னர் ஆய்ந்து முடிவு செய்ய விட்டுவிட்டது. 2005இல் பன்னாட்டு வல்லுநர் குழு, கோத்ரிக்குக் கீழே ஆண்டு முழுதும் விநாடிக்கு 5,000 கன அடியும், அதற்கு மேல் ஐந்தாண்டுக் காலத்துக்கு மொத்தம் 2½ கோடி ஏக்கர்-அடியும் விடவேண்டும் என்றது. தாளில் இருக்கும் நீர் மடையில் வரவில்லை. 2010இலும் 2022இலும் பேரழிவாக வந்த வெள்ளமே கழிமுகத்துக்கு நிறைய நீரைக் கொண்டுவந்தது. மேலே உள்ளோர்க்குக் கேடு வந்தால்தான் கீழே உள்ளோர்க்கு நீர் என்பது எந்த நீதியில் சேரும்?

இதற்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் உறைந்திருக்கிறது: ஆற்றுநீர் கடலில் கலப்பது வீண் என்பது அது. அந்நாட்டில் மட்டுமன்று, நம் நாட்டு மேடைகளிலும் ஏடுகளிலும் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. கடலில் கலந்த அந்த நீரே தேபலையும் லாஹரி பந்தரையும் ஷாபந்தரையும் ஆக்கியது, நெல்லை விளைவித்தது, பல்லாவை வரவழைத்தது, கவிஞருக்குப் பொருள் தந்தது. அதை நிறுத்திய பின்னரே அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தது. சேற்றில் முழங்கால் ஆழ நின்று கன்று நட்ட கரையோர மக்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். இனித் திறக்கவேண்டியது கோத்ரியின் மதகு.