பேலீஃப்: ஒரு கென்ட் பண்ணைவீட்டின் மரக்கட்டுமானம்

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டோன் ஊர்ப்புறத்தில் நின்ற பேலீஃப் பண்ணைவீடு, 'வீல்டன்' என்ற வீட்டு வகையைச் சேர்ந்தது. வீல்ட் எனப்படும் காட்டுப் பகுதியில் செழித்த ஓக் மரங்களே இவ்வகை வீடுகளுக்கு ஆதாரம். பேலீஃபின் கூடமும் சரக்கறைப் பகுதியும் 1405-க்கும் 1430-க்கும் இடையில் எழுந்தன. மறுகோடியின் மாடிப்பகுதி சுமார் 1505–10-இல் சேர்ந்தது.

வீட்டின் பளுவைச் சுவர்கள் தாங்குவதில்லை, மரச்சட்டமே தாங்குகிறது. ஓக் மரம் காய்ந்தால் இறுகிவிடும் என்பதால், தச்சர்கள் அதை ஈரம் காயுமுன்பே இழைத்தனர். ஒரு மரத்தின் கழுந்தை மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்தனர். உறுப்புகளை முதலில் தரையில் பொருத்திப் பார்த்து, எது எதனுடன் சேரும் என்பதற்கு உளியால் அடையாளம் வெட்டிய பிறகே சட்டத்தை நிமிர்த்துவது வழக்கம். தூண்களுக்கு இடையே பின்னிய கழிகளின் மேல் களிமண், வைக்கோல், சாணம் கலந்த சாந்தைப் பூசினர்.

நடுவில் கூரை வரை திறந்த கூடம். தரையின் நடுவே அடுப்பு எரியும். புகைபோக்கி இல்லாததால் புகை மேலே எழுந்து, ஓட்டு இடுக்குகளில் கசிந்து வெளியேறும். அந்தப் புகைக்கரி கைமரங்களில் படிந்திருப்பதைக் கொண்டே, பழைய வீடுகளில் திறந்த கூடம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுகொள்கின்றனர். சன்னல்களில் கண்ணாடி கிடையாது. நெடுக்குச் சட்டங்களும் மரக்கதவுகளும் மட்டுமே. கூடத்தின் ஒரு கோடியில் குறுக்கு நடையும் அதை அடுத்து இரு சரக்கறைகளும், மறுகோடியில் வீட்டுக்காரரின் அறையும் மேலே படுக்கையறையும் உண்டு.

இரு கோடிகளிலும் மாடி சற்று முன்நீண்டிருக்க, கூடத்தின் சுவர் மட்டும் உள்ளடங்கி நிற்கும். மூன்றையும் ஒரே கூரை மூடுகிறது. உள்ளடங்கிய இடத்தில் கூரை விளிம்பை வளைந்த தாங்குமரங்கள் ஏந்துகின்றன. வீல்டன் வீட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுவது இந்த அமைப்புதான். கூரைக்குள் விட்டத்தின் நடுவே ஒரு குத்துக்கால் எழுந்து, நெடுக ஓடும் உத்தரத்தைத் தாங்கும்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கிகள் பரவின. புகை அடங்கியதும் கூடங்களுக்கு நடுவில் தளம் இட்டு மாடி அறைகள் அமைத்தனர். திறந்த கூடத்தில் வாழும் முறை அத்துடன் மறைந்தது.

1960-களில் பௌ பீச் நீர்த்தேக்கம் அமைந்தபோது பேலீஃப் இருந்த இடம் அத்திட்டத்துக்குள் வந்தது. முளையும் கழுந்துமாக இணைந்த சட்டம் என்பதால் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. பிற்கால மாற்றங்கள் நீக்கப்பட்டு, நடு அடுப்புடன் கூடிய கூடமாக, 1540-ஐ ஒட்டிய தோற்றத்தில் இன்று அது நிற்கிறது.